பழைய ஜீப்புக்கு முதல் செலவு எது?

தோட்டத்துக்கும் சந்தைக்கும் போய்வர, 12 ஆண்டுகள் ஓடிய டீசல் ஜீப்பை வாங்கியிருக்கிறார் வாசகர் ஒருவர். சர்வீஸ் புத்தகம் கைக்கு வரவில்லை. முதலில் பெயின்ட் அடித்துவிட்டு, மற்ற வேலைகளை அறுவடைக்குப் பிறகு பார்க்கலாமா என்று கேட்கிறார்.

பெயின்ட் வேலையைத் தள்ளிப்போடலாம். பிரேக்கைத் தள்ளிப்போடக் கூடாது. கணக்கு இல்லாத வண்டியில் எதுவும் மாற்றப்படவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். மூட்டைகளோடு இறக்கத்தில் அடிக்கடி பிரேக் பிடித்தால், சூட்டில் அந்த ஈரம் ஆவியாகி பெடல் தரைவரை போய்விடும். எனவே பிரேக் ஆயிலை மாற்றி, ஷூ, ஹோஸ்களையும் பாருங்கள்.

டயரில் பட்டன் இருந்தாலும் வயதைக் கவனியுங்கள். பக்கவாட்டில் 2314 என்று இருந்தால், 2014-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. பத்து ஆண்டுகளைத் தாண்டிய டயர் வேண்டாம்.

அடுத்து இன்ஜின் ஆயில், ஃபில்டர்கள், கூலன்ட், ரேடியேட்டர் ஹோஸ்கள். டைமிங் பெல்ட் உள்ள இன்ஜின் என்றால் அதையும் மாற்றிவிடுங்கள். ஓட்டத்தில் அறுந்தால் வால்வுகள் வளைந்து, இன்ஜினையே பிரிக்க வேண்டிவரும்.

ஒவ்வொன்றையும் மாற்றிய தேதி, கிலோமீட்டரை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். மிச்சப் பணத்தில் பெயின்ட் அடிக்கலாம்.