கவிழ்ந்த ஜீப்புக்கு விலை வைப்பது யார்?

மலைச் சாலையில் உருண்ட பழைய ஜீப்பை கிரேன் கட்டி மேலே இழுத்து, ஒர்க்‌ஷாப் வாசலில் கொண்டுவந்து போட்டதும் இரண்டு பேர் அதைப் பார்க்க வருவார்கள். ஒருவர், காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய சர்வேயர். மற்றவர், யாரும் கூப்பிடாமலே மோப்பம் பிடித்து வந்துவிடும் காயலான் கடைக்காரர். சர்வேயர் சேஸிஸ் எண்மீது காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுப்பார், நாலு பக்கமும் போட்டோ எடுப்பார், ஆர்.சி. புக்கிலுள்ள தயாரிப்பு ஆண்டைக் குறித்துக்கொள்வார். காயலான் கடைக்காரர் நேராக வண்டிக்கு அடியில் குனிவார். முன் ஆக்சில் வளைந்திருக்கிறதா, டிரான்ஸ்ஃபர் கேஸ் தப்பித்ததா, கியர்பாக்ஸில் ஆயில் கசிகிறதா என்று பார்ப்பார். முதலாமவர் கண்ணில் அது 25 வயது வண்டி. இரண்டாமவர் கண்ணில் அது ஃபோர் வீல் டிரைவ். வண்டியின் உண்மையான விலை இரண்டாமவருக்குத்தான் தெரியும் என்பது இந்தத் தொழிலின் வேடிக்கை.

மகிந்திரா நிறுவனம் 1940-களின் கடைசியில் வில்லிஸ் ஜீப்புகளைப் பம்பாயில் பூட்டத் தொடங்கியது. சி.ஜே. 3பி, எம்.எம். 540, எம்.எம். 550, கமாண்டர், மேஜர் என்று பெயர்கள் மாறிக்கொண்டே வந்தாலும், ஏணி மாதிரியான சேஸிஸ், பட்டை ஸ்பிரிங், அதன்மேல் போல்ட் போட்டு உட்கார வைத்த தகர பாடி என்ற அடிப்படை அமைப்பு பல பத்தாண்டுகள் அப்படியே இருந்தது. 1985-ல் வந்த மாருதி ஜிப்ஸிக்கும் அதே ஏணிச் சட்டம்தான். சூரியநெல்லியிலிருந்து தேனி மாவட்ட எல்லையிலுள்ள கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறும் பாதையை ஒருமுறை பார்த்தவர்கள், இந்த வண்டிகள் ஏன் இன்னும் சாகவில்லை என்று கேட்க மாட்டார்கள். கல்லும் குழியுமான அந்த வழியில் புதிய கார்கள் அரை மணி நேரம்கூடத் தாங்காது. தோட்டத்துக்குக் கூலியாட்களையும் உரமூட்டையையும் ஏற்றிப் போகிறவருக்கு, நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய ஜீப் என்பது பொழுதுபோக்கு அல்ல, தொழில். புதிதாக ஒரு மகிந்திரா தார் வாங்கிக்கொள்ளலாமே என்று நகரத்திலிருந்து சொல்வது சுலபம். நான்கு சக்கர இயக்கமுள்ள தாரின் விலை பத்து லட்சத்தைத் தாண்டுகிறது.

இப்படிப்பட்ட ஒரு வண்டி விபத்தில் ‘டோட்டல் லாஸ்’ ஆகும்போது என்ன நடக்கிறது?

எல்லாம் ஓர் எண்ணில் போய் நிற்கிறது. ஐ.டி.வி. என்று சொல்லப்படும் காப்பீட்டு மதிப்பு. 2002-ம் ஆண்டின் இந்திய மோட்டார் கட்டண விதிகள் இதற்கு ஓர் அட்டவணை வைத்திருக்கின்றன. புது வண்டி விலையில் முதல் ஆறு மாதத்துக்கு 5 சதவீதம் தேய்மானம். ஐந்தாம் ஆண்டு முடிவதற்குள் 50 சதவீதம். அதோடு அட்டவணை முடிந்துவிடுகிறது. ஐந்து ஆண்டு தாண்டிய வண்டிக்கும், தயாரிப்பு நின்றுபோன மாடலுக்கும் மதிப்பை நிறுவனமும் உரிமையாளரும் ‘பேசி முடிவுசெய்துகொள்ள’ வேண்டும் என்பதுதான் விதி.

பேசி முடிவுசெய்வதாம்! பாலிசி புதுப்பிக்கும் நாளில் உண்மையில் யாரும் எதுவும் பேசுவதில்லை. ஏஜென்ட் போன வருடத் தொகையில் பத்து சதவீதத்தைக் கழிப்பார், அல்லது கணினி தானாகவே கழித்துவிடும். பிரீமியம் குறைந்ததே என்று உரிமையாளரும் தலையாட்டுவார். பழைய கட்டண அட்டவணைப்படி, பத்து வயதைத் தாண்டிய, 1,500 சி.சி.க்கு மேற்பட்ட தனியார் வண்டிக்கு சேதக் காப்பீட்டு விகிதம் சுமார் மூன்றரை சதவீதம். அதாவது ஐ.டி.வி.யில் ஒரு லட்சம் கூட்டிக் கேட்டால் வருடத்துக்கு மூவாயிரத்துச் சொச்சம் கூடும். 2007-க்குப் பிறகு நிறுவனங்கள் தங்கள் விருப்பப்படி கட்டணம் வைக்கலாம் என்பதால் தள்ளுபடியும் கிடைக்கலாம். இந்தத் தொகையை மிச்சம் பிடிக்கத்தான் நான்கு லட்சத்துக்குக் கேட்டாலும் கொடுக்க மாட்டேன் என்று வைத்திருக்கும் ஜீப்பை ஒன்றரை லட்சத்துக்கு எழுதிக் கொடுக்கிறார்கள். இன்னும் பலர் அதையும் விட்டுவிட்டு ‘தேர்டு பார்ட்டி’ மட்டும் கட்டுகிறார்கள், 1,500 சி.சி.க்கு மேற்பட்ட தனியார் காருக்கு அதற்கே 7,897 ரூபாய் ஆகிறது, அதற்குமேல் எதற்கு என்ற எண்ணம். அவர்களுடைய வண்டி கவிழ்ந்தால் சர்வேயர் வரவே மாட்டார். காயலான் கடைக்காரர் மட்டும் வருவார்.

ஒன்றரை லட்சம் ஐ.டி.வி. உள்ள ஜீப்பை வைத்தே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பழுதுபார்க்கும் செலவு, பாலிசி விதிகளுக்கு உட்பட்டு, ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது டோட்டல் லாஸ். இங்கே கோடு 1,12,500 ரூபாய். ‘பாலிசி விதிகளுக்கு உட்பட்டு’ என்ற சொற்களில்தான் சூட்சுமம் இருக்கிறது. பத்து வயது தாண்டிய வண்டியின் உலோக பாகங்களுக்குப் பாதி விலைதான் கிடைக்கும். டயர், பேட்டரி, ரப்பர், பிளாஸ்டிக் எல்லாவற்றுக்கும் அதே பாதி. கண்ணாடிக்கு மட்டும் தேய்மானம் கிடையாது. மெக்கானிக் கொடுத்த எஸ்டிமேட்டில் உதிரிபாகம் 1,10,000, கூலி 50,000, ஆக 1,60,000 என்று வைத்துக்கொள்வோம். ஐ.டி.வி.யைவிடச் செலவு அதிகம், இது டோட்டல் லாஸ்தான் என்று உரிமையாளர் நினைப்பார். சர்வேயர் உதிரிபாகத்தில் பாதியைக் கழித்து, 55,000-த்தோடு கூலி 50,000-ஐச் சேர்த்து, 1,05,000 என்று எழுதுவார். கோட்டுக்குக் கீழே! வண்டியைச் சரிசெய்துகொள்ளச் சொல்வார்கள். கட்டாயப் பிடித்தம் 2,000 போக 1,03,000 வரும். மீதி 57,000 கைக்காசு. தேய்மானம் பிடிக்காத ‘ஜீரோ டெப்’ பாலிசி வாங்கியிருக்கலாமே என்றால், அதைப் பொதுவாகப் புது வண்டிகளுக்குத்தான் கொடுக்கிறார்கள்.

கிரேன் செலவையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பள்ளத்திலிருந்து வண்டியைத் தூக்கி ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவர, தனியார் கார் பாலிசியின் பழைய நிலையான வாசகம் ஒதுக்கும் அதிகபட்சத் தொகை 1,500 ரூபாய். மலைப்பாதையில் கிரேன் கூப்பிட்டவர்கள் இந்தத் தொகையைக் கேட்டால் சிரிப்பார்கள்.

இதில் அநியாயம் எங்கே இருக்கிறது என்று பார்த்தால், அதே 2002 விதிகளிலேயே பதிலும் இருக்கிறது. 1940 டிசம்பர் 31-க்கு முன் தயாரான ‘வின்டேஜ்’ கார்களுக்கு, வின்டேஜ் கார் சங்கத்தின் சான்றிதழ் இருந்தால், முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்பில் பாலிசி எடுக்கலாம். வண்டி முழுதாக அழிந்தால் ஒப்புக்கொண்ட தொகை அப்படியே கிடைக்கும். தேய்மானப் பேச்சு கிடையாது. ஜீப் வரிசை உற்பத்திக்கு வந்ததோ 1941-ல். ஆக, வரிசை உற்பத்தியில் உருவான எந்த ஜீப்பும் இந்தச் சலுகைக்குள் நுழைய முடியாது. ஞாயிற்றுக்கிழமை அணிவகுப்பில் துடைத்து நிறுத்தும் காருக்கு நிச்சயமான மதிப்பு. திங்கட்கிழமை காலை மலை ஏறும் வண்டிக்கு ஏஜென்ட் எழுதிய எண். 2021-ல் வந்த வின்டேஜ் பதிவு விதிகளும் 50 வயது தாண்டிய, அசல் வடிவத்தில் உள்ள வண்டிகளுக்குத்தான். அவற்றையும் அன்றாடம் ஓட்டக் கூடாது.

ஒப்புக்கொண்ட மதிப்பு என்ற இந்த ஏற்பாட்டை ஓடிக்கொண்டிருக்கும் பழைய வண்டிகளுக்கும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விரித்துக் கொடுக்க வேண்டும். பிரீமியம் கூடட்டும், அது நியாயம்தான். சர்வேயர் பாலிசி எடுக்கும்போதே வண்டியைப் பார்க்கட்டும், படம் எடுக்கட்டும், சந்தை விலையை எழுதட்டும். விபத்துக்குப் பிறகு வந்து உடைந்த தகரத்தை மதிப்பிடுவதைவிட, ஓடுகிற வண்டியை மதிப்பிடுவது சுலபமும்கூட. ஏமாற்றுவார்கள் என்று நிறுவனங்கள் பயப்படுவது புரிகிறது. மதிப்பைக் கூட்டி எழுதிவிட்டு வண்டியைப் பள்ளத்தில் தள்ளிவிடும் ஆசாமிகள் எங்கும் இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பயத்துக்கு, நேர்மையாக வண்டி வைத்திருப்பவரை இருபது வருடமாகப் பாதி விலைக்குத் தள்ளுவது பதில் ஆகாது.

உரிமையாளர்கள் பக்கத்திலும் எல்லாம் சரியாக இல்லை. வெள்ளை போர்டு வண்டியில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக் காசு வாங்குகிறவர், விபத்து நடந்த அன்று சொந்தக்காரர்கள்தான் வந்தார்கள் என்று சொல்கிறார். வாடகைக்கு ஓட்டிய தனியார் காரின் வழக்கு ஒன்றில், இழப்பீட்டை முழுதாக மறுக்காமல் ஒரு பகுதியையாவது கொடுக்க வேண்டும் என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தக் கருணையை நம்பித் தொழில் நடத்த முடியாது. இன்ஜினை மாற்றியவர், சேஸிஸை வெட்டி நீட்டியவர், ஆர்.சி.யில் ஏற்றாமல் விட்டவர் கதையும் இதுதான்.

டோட்டல் லாஸ் என்று முடிவானபின் உரிமையாளர் முன் இரண்டு வழி. சேத வண்டியை நிறுவனத்திடம் விட்டுவிட்டு முழு ஐ.டி.வி.யை வாங்கலாம், அல்லது அதன் விலையைக் கழித்துக்கொண்டு மீதியை வாங்கி, வண்டியைத் தானே வைத்துக்கொள்ளலாம். பழைய ஜீப் விஷயத்தில் இரண்டாவது வழி ரொம்பவே ஆசை காட்டும். பாடி போல்ட்டைக் கழற்றினால் தனியே வந்துவிடும். சென்னைப் புதுப்பேட்டையில் தேடினால் வேறொன்று கிடைக்கும். இன்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பார் மெக்கானிக். அவரிடம் ஒரே ஒரு சோதனையைக் கேட்க வேண்டும். சமதளமான சிமென்ட் தரையில் வண்டியை நிறுத்தி, சேஸிஸின் இரு பக்கமும் ஒத்த இடங்களிலுள்ள துளைகளிலிருந்து தூக்குக்குண்டை இறக்கி, குண்டு தொடும் இடங்களைத் தரையில் சாக்பீஸால் குறித்து, வண்டியைத் தள்ளிவிட்டு, மூலைக்கு மூலை டேப் பிடித்து அளக்க வேண்டும். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால் மேலே யோசிக்கலாம். விரல்கடை அளவுக்கு வித்தியாசம் வந்தால், சுடவைத்து இழுத்து நிமிர்த்திவிடலாம் என்ற பேச்சுக்குச் செவி கொடுக்கக் கூடாது. சுட்ட இடத்தில் இரும்பு தன் பலத்தை இழந்திருக்கும். அடுத்த வருடம் ஆட்களை ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் இறங்கும்போதுதான் அது தெரியவரும். காற்றுப்பையும் மடங்கும் ஸ்டீயரிங்கும் இல்லாத வண்டியில் உயிருக்கு இருக்கும் ஒரே காவல் அந்தச் சட்டம்தான். அது கோணிவிட்டால், எத்தனை வருடப் பாசமாக இருந்தாலும், பாகம் பாகமாகப் பிரித்து விற்றுவிடுவது நல்லது. ஆக்சிலும் டிரான்ஸ்ஃபர் கேஸும் இன்னொரு ஜீப்பை மலை ஏற்றும்.

விற்கும்போது ஆர்.சி.யைத் தவறவிடுகிறார்கள். இங்கேதான் பெரிய ஆபத்து. நிறுவனம் ஏலத்தில் ஆளைப் பிடித்துக் கொடுக்கும். அவர் வந்து பணத்தைக் கொடுத்துவிட்டு, உரிமை மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் பெயர் எழுதாமல் கையெழுத்து வாங்கிப் போவார். பிறகு அந்தச் சேத வண்டி எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. சிலருக்கு வேண்டியது இரும்பு அல்ல, காகிதம். அதே மாடலில் ஒரு வண்டியைத் திருடி, அழிந்த வண்டியின் சேஸிஸ் எண்ணை அதில் அடித்து, அதே ஆர்.சி.யோடு ஓடவிடும் கும்பல்களைப் போலீஸ் பலமுறை பிடித்திருக்கிறது. பாடியை எளிதாக மாற்றிவிடக்கூடிய ஜீப் இந்த வேலைக்கு இன்னும் தோதானது. அந்த வண்டி யார்மீதாவது மோதினால், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், அவர்தான் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. வண்டியை எப்போதோ விற்றுவிட்டேன் என்ற வாதம் எடுபடாது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-வது பிரிவு இதற்காகவே இருக்கிறது. வண்டி அழிந்தாலோ இனி ஓட்டவே முடியாது என்றானாலோ, 14 நாளுக்குள் அல்லது முடிந்த அளவு சீக்கிரத்தில், பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும். ஆனால் இந்தப் பொறுப்பு முழுவதையும், கையில் கட்டுப்போட்டு உட்கார்ந்திருக்கும் உரிமையாளர் தலையில் கட்டுவது சரியல்ல. மீட்க முடியாது என்று பணம் கொடுத்து முடிக்கும் நிறுவனமே, அதே நாளில் கணினிப் பதிவேட்டில் எண்ணை முடக்கும் ஏற்பாடு வந்துவிட்டால், காகிதத்துக்காகச் சேத வண்டி வாங்குகிற வியாபாரம் படுத்துவிடும். பதிவுபெற்ற வாகனக் கழிவு மையத்தில் ஒப்படைத்தால் கிடைக்கும் வைப்புச் சான்றிதழை வைத்து, அடுத்து வாங்கும் சொந்த வண்டிக்குச் சாலை வரியில் 25 சதவீதம் வரை சலுகை தரலாம் என்று மத்திய அரசின் விதி சொல்கிறது. வண்டியில் பாகம் எதுவும் தேறாதவர்களுக்கு அது காயலான் கடையைவிட மேல்.

சர்வேயர் எழுதிய தொகையில் மனத்தாங்கல் இருப்பவர், முழு இறுதித் தீர்வு என்று எழுதிய வவுச்சரில் கையெழுத்துப் போடுவதற்கு முன் சர்வே அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். எந்தப் பாகத்துக்கு எவ்வளவு கழித்தார்கள் என்பது அதில் வரிவரியாக இருக்கும். முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் புகார். பதில் திருப்தியில்லை என்றால் சென்னையிலுள்ள காப்பீட்டு குறைதீர்ப்பாளர் அலுவலகம். அங்கே கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. கணக்கில் பிழை இருந்தால் திருத்துவார்கள், காரணமில்லாமல் மறுத்திருந்தால் கொடுக்கச் சொல்வார்கள். பாலிசியில் எழுதியிருக்கும் ஒன்றரை லட்சத்தை மட்டும் நான்கு லட்சமாக்க அவர்களுக்கும் வழியில்லை. அதைக் கேட்க வேண்டிய இடம் ஏஜென்ட்டின் மேசை, கேட்க வேண்டிய நாள் புதுப்பிக்கும் நாள். கையில் வண்டியின் படங்களும், அண்மையில் செய்த வேலைகளின் பில்களும், முடிந்தால் மதிப்பீட்டாளர் ஒருவரின் கடிதமும் இருக்க வேண்டும்.