மணல்தாள் அளவுப் பனி

போன தை மாதம் பாரீசில் மகள் வீட்டிலிருந்து திரும்பும்போது விமானம் முக்கால் மணி நேரம் தாமதம். இறக்கைகளின் மேல் சூடான கிளைக்கால் கரைசலைப் பீய்ச்சிக்கொண்டிருந்தார்கள். பின் வரிசையில் நம்மூர்க்காரர் ஒருவர், "விரல் கனம்கூட இல்லாத பனிக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா? இவ்வளவு பெரிய விமானத்துக்கு இது ஒரு பாரமா?" என்று சத்தம் போட்டார். நாலைந்து பேர் ஆமாம் போட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பரிகாரமாக இப்போது எழுதுகிறேன்.

பள்ளியில் 'ஜிவ்ர்' என்றால் உறைபனி என்று பிரெஞ்சு வாத்தியார் கரும்பலகையில் எழுதிப் போட்டபோது, நாங்கள் புதுச்சேரி வெயிலில் சட்டை நனைய உட்கார்ந்திருந்தோம். பரீட்சைக்காக மனப்பாடம் செய்த சொல். அது ஆளைக் கொல்லும் என்று அன்று யாரும் சொல்லித் தரவில்லை.

ஐயா, இது பாரக் கணக்கே அல்ல. இறக்கையின் மேற்புறத்தை ஒட்டிக் காற்று வழுவழுவென்று ஓடினால்தான் விமானத்தைத் தூக்கும் விசை கிடைக்கும். முன்விளிம்பிலும் மேற்புறத்திலும் மணல்தாள் போலச் சொரசொரப்பாகப் பனி படிந்தாலே போதும், தூக்கும் விசை 30 சதவீதம் வரை குறையலாம். பின்னுக்கு இழுக்கும் விசை 40 சதவீதம் வரை கூடலாம். மூக்கைச் சற்று உயர்த்தியதுமே காற்று இறக்கையை விட்டுப் பிரிந்துவிடும். எச்சரிக்கைக் கருவியோ சுத்தமான இறக்கைக்காக அமைத்தது. அது வாய் திறப்பதற்குள் விமானம் விழத் தொடங்கிவிடலாம்.

கதை அல்ல. 1989 மார்ச் 10, கனடாவில் டிரைடன் என்ற சிற்றூர். ஏர் ஒண்டாரியோவின் ஃபோக்கர் எஃப்-28 விமானம் ஏற்கெனவே தாமதம். பனி பெய்கிறது. எஞ்சினைக் கிளப்ப உதவும் துணை எஞ்சின் பழுது. அந்த ஊரில் மாற்றுக் கருவியும் இல்லை. எஞ்சினை நிறுத்தினால் மறுபடி கிளப்ப முடியாது. ஓடும்போதோ பனி நீக்கக் கூடாது என்பது விதி. நீக்காமலே கிளம்பினார்கள். ஓடுபாதையைத் தாண்டியதும் மரங்களுக்குள் விழுந்தது. இருந்த 69 பேரில் 24 பேர் மாண்டார்கள்.

நெஞ்சை அறுப்பது இதுதான். பயணிகளாக உட்கார்ந்திருந்த இரண்டு விமானிகள் இறக்கையில் பனியைப் பார்த்தார்கள். பணிப்பெண்ணும் பார்த்தார். முன்னால் போய் யாரும் சொல்லவில்லை.

'விமானி தவறு' என்று ஒரே வரியில் கோப்பை மூடியிருக்கலாம். விசாரித்த நீதிபதி மொஷான்ஸ்கி மூடவில்லை. பழுதோடு பறக்க விட்ட நிர்வாகம், கண்காணிக்கத் தவறிய அரசுத் துறை என்று எல்லோரையும் கூண்டில் ஏற்றி, 1992 அறிக்கையில் 191 பரிந்துரைகள் தந்தார்.

நான் குமாஸ்தாவாக இருந்தவன். மேலே 'அவசரம்' என்று எழுதி வந்த கோப்புகளில்தான் அதிகம் தப்பு பார்த்திருக்கிறேன். கோப்பில் தப்பு நேர்ந்தால் திருத்தாணை போடலாம். மரங்களுக்குள் விழுந்த விமானத்துக்கு எந்த ஆணை போடுவது?

பிரான்சிலும் கனடாவிலும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிற நண்பர்களே, இறக்கையைக் கழுவும் முக்கால் மணி நேரம் வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள். புறப்படும் நேரத்தில் இறக்கையில் வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் பணிப்பெண்ணைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். சத்தம் போடுவதானால் அப்போது போடுங்கள்.