உப்புப் பனி

ரிட்டயரான என் பழைய ஹெட்கிளார்க்கின் சேலையூர் வீட்டில், கிறிஸ்துமஸ் கார்டுகளைத் தொங்கவிடும் நூல் போன வருஷம் காலி. வாழ்த்தெல்லாம் செல்போனுக்குள் போய்விட்டது. என்னுடையதும்தான்.

இந்த வருஷம் நானே செய்தேன், சார். கெட்டி டிராயிங் ஷீட்டாகப் பார்த்து வாங்குங்கள். மெல்லிசு என்றால் தண்ணீர் பட்டதும் அப்பளம்தான். (என் முதல் மூன்றும் அப்பளம்.) மெழுகுவர்த்தியால் ஒரு நட்சத்திரம் கிறுக்கி, மேலே நீல வாட்டர்கலரைத் தண்ணியாக இழுங்கள். மெழுகில் வண்ணம் ஒட்டாது. நட்சத்திரம் வெள்ளையாக எட்டிப் பார்க்கும். தாம்பரத்தில் பனிக்கு எங்கே போவது? ஈரத்திலேயே ஒரு சிட்டிகை உப்பைத் தூவி, நன்றாகக் காய்ந்ததும் தட்டிவிட்டால் பனிப்பூ! டிசம்பர் மழையில் காய ஒரு ராத்திரி ஆகும். உப்பே கசிகிற சீசன். கீழே உங்களுக்கு வந்ததை வரையுங்கள். பெயிண்ட் பையனுடையது, ஆகவே செலவு ஒரு பிளேட் பஜ்ஜிகூட இல்லை.

1843-ல் லண்டனில் ஹென்றி கோல் கிறிஸ்துமஸ் கார்டை அச்சடித்து விற்க ஆரம்பித்ததே, எல்லாருக்கும் கடிதம் எழுத நேரமில்லை என்றுதானாம். அந்தக் காலத்து ஃபார்வர்டு!

நேரிலேயே போய்க் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"மாடு நல்லா வந்திருக்குப்பா."

"அது ஒட்டகம், சார்."

எழுந்து போய் நூலில் மாட்டினார்.