முதலிடம் பிடித்தும் பயனில்லை

2012ஆம் ஆண்டு இருபது20 உலகக் கிண்ணம் நம் நாட்டில் நடந்தது. இறுதிப் போட்டியில் மேற்கிந்தியத் தீவுகளிடம் 36 ஓட்டங்களால் தோற்றதை எங்கள் வீட்டில் வாப்பாவும் நானாவும் இன்றும் சொல்லிக் கவலைப்படுவார்கள். ஆனால் நாம் இறுதிவரை போன வழியைப் பற்றி அவர்கள் பேசுவதில்லை.

12 அணிகள், நான்கு குழுக்கள். ஒவ்வொரு குழுவிலும் முதல் இரண்டு அணிகள் சூப்பர் 8 சுற்றுக்குப் போகும். அங்கே எந்த அணி எந்தப் பிரிவில் ஆடும் என்பது தொடர் தொடங்குமுன்பே எழுதப்பட்டிருந்தது. இலங்கை 'சி1', தென்னாபிரிக்கா 'சி2'. ஹம்பாந்தோட்டையில் மழையால் 7 ஓவராகச் சுருங்கிய போட்டியில் தென்னாபிரிக்கா நம்மை 32 ஓட்டங்களால் வென்றது. அப்படியும் நாம்தான் 'சி1'. இந்தியா இங்கிலாந்தை 80 ஓட்டங்களுக்குச் சுருட்டியது. அப்படியும் இங்கிலாந்துதான் 'ஏ1'.

இதனால் குழுக்களில் முதலிடம் பெற்ற இந்தியா, அவுஸ்திரேலியா, தென்னாபிரிக்கா, பாகிஸ்தான் ஆகிய நான்கும் ஒரே பிரிவில் மாட்டிக்கொண்டன. இரண்டாமிடம் பெற்ற மற்ற நான்கும், நம்மையும் சேர்த்து, பல்லேகலையில் ஆடின. இந்தியா சூப்பர் 8இல் மூன்றில் இரண்டை வென்றும் வெளியேறியது. குழுச் சுற்றில் ஒரு போட்டியைக்கூட வெல்லாத மேற்கிந்தியத் தீவுகள் கிண்ணத்தைக் கொண்டுபோனது.

அரையிறுதிகளில் நாம் பாகிஸ்தானையும், அவர்கள் அவுஸ்திரேலியாவையும் தோற்கடித்தோமே என்று நானா கேட்பார். உண்மைதான், திறமையில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் முதலிடம் பிடித்ததற்குப் பரிசாகக் கடினமான பிரிவு கிடைத்தால், குழுவில் எதற்காக வெல்ல வேண்டும்? ரசிகர்கள் முன்கூட்டியே டிக்கெட் எடுக்க வசதி என்பார்கள். அது டிக்கெட் விற்பவர்களுக்கான நியாயம், விளையாடுகிறவர்களுக்கானதல்ல. 2024இலும் இதே முறைதான். இங்கிலாந்தை வென்று குழுவில் முதலிடம் பெற்ற அவுஸ்திரேலியா 'பி2' ஆகவே இருந்தது.

உலகக் கிண்ணத்தை விடுங்கள். நம் மலையகத்துப் பாடசாலைகளின் வலைப்பந்தாட்டத்திலும் இது நடக்கிறது. நான் ஆடிய ஒரு தொடரில், முந்தைய வருடம் வென்ற பாடசாலை ஒரு போட்டிகூட ஆடாமல் நேரே அரையிறுதியில் நின்றது. அதை எதிர்கொண்ட தோட்டப் பாடசாலைப் பிள்ளைகள் விடியற்காலை முதல் பஸ்ஸில் வந்து, பனி ஈரம் காயாத மைதானத்தில் அன்றே இரண்டு போட்டிகள் ஆடியிருந்தார்கள். மூன்றாவதில் கால்கள் ஓடவில்லை. இரண்டு கோல்களால் தோற்றார்கள்.

பலமான இரண்டு அணிகள் முதல் சுற்றிலேயே மோதாமல் அட்டவணையின் இரு பக்கத்தில் வைப்பதை நான் எதிர்க்கவில்லை. அது நல்லதுதான். ஆனால் பாடசாலை அணி தேசிய அணி போல அல்ல. போன வருடம் வென்ற பிள்ளைகளில் பலர் வயது கடந்து அந்தப் பிரிவை விட்டே போயிருப்பார்கள். பெயர் மட்டும் பதாகையில் இருக்கும். அந்தப் பெயருக்கு ஏன் அரையிறுதி?

அணிகளைப் பிரித்து வைக்க மட்டும் பழைய முடிவைப் பாருங்கள். முதல் சுற்றில் எந்த அணி ஆடாமல் முன்னேறும் என்பதை எல்லா அணித் தலைவிகளின் முன்னாலும் சீட்டுக் குலுக்கி எடுங்கள். அரையிறுதிக்கு முன் எல்லோருக்கும் ஒரு மணி நேர ஓய்வு கொடுங்கள். இதற்குப் பணம் தேவையில்லை, ஒரு கடதாசியும் ஒரு பெட்டியும் போதும்.