செத்தது மெக்கானிக்கல் படிப்பா, நிரந்தர வேலையா?

ப்ளஸ் டூ பரீட்சை முடிவு வருகிற மாதத்தில் மீன்சுருட்டிக் கடைத்தெருவில் இரண்டு குரல்கள் கேட்கும். ஒன்று, காலேஜ் நோட்டீசும் கையுமாக வீடு வீடாக ஏறி இறங்குகிற ஏஜெண்டின் குரல். “மெக்கானிக்கல் செத்துப்போச்சு ஐயா, கம்ப்யூட்டரில் சேருங்கள். இன்றைக்கே முன்பணம் கட்டினால் சீட்டு நிச்சயம்” என்கிறார் அவர். மற்றொன்று, திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஊர்ப் பெரிய மனிதரின் குரல். “நாற்று நடுகிறவன் பிள்ளைக்கு இன்ஜினீயர் படிப்பு எதற்கடா? படித்தவனெல்லாம் சும்மா திரிகிறான். பேசாமல் பையனைத் திருப்பூருக்கு அனுப்பு” என்கிறார் இவர்.

முதலாமவர் நம் கையில் இருப்பதைப் பறிக்க வருகிறார். இரண்டாமவர் நம் கைக்கு வரவேண்டியதைத் தடுக்க வருகிறார். இரண்டு பேருக்கும் நாம் பதில் சொல்லியாக வேண்டும். பணக்கார வீட்டில் காலேஜ் படிப்பு என்பது பிள்ளையின் விருப்பம். விவசாயத் தொழிலாளி வீட்டிலோ அது வீட்டுமனையை அடகு வைப்பதா, தாயின் காதுத் தோட்டை விற்பதா என்கிற கேள்வி. தவறான பதிலுக்கு ஒரு குடும்பம் பத்து வருஷம் வட்டி கட்டும்.

முதலில் பெரிய மனிதருக்குப் பதில்.

ஐயா, உங்கள் உபதேசம் புதிதல்ல. 1953-ல் ராஜாஜி சர்க்கார் ஒரு கல்வித் திட்டம் கொண்டுவந்தது. பிள்ளைகள் பாதி நேரம் பள்ளிக்கூடம் போக வேண்டும், மீதி நேரம் அப்பன் செய்கிற தொழிலைக் கற்க வேண்டும் என்றார்கள். வண்ணான் மகன் வெளுக்க வேண்டும், பறையடிக்கிறவன் மகன் பறையடிக்க வேண்டும் என்பதே இதன் பொருள் என்று ஜனங்கள் புரிந்துகொண்டார்கள். குலக்கல்வித் திட்டம் என்று அதற்குப் பெயர் வைத்து எதிர்த்தார்கள். ராஜாஜி பதவி விலகினார். 1954-ல் காமராஜர் அந்தத் திட்டத்தைத் தூக்கியெறிந்தார். எழுபது வருஷத்துக்கு முன்பே புதைத்த பிணத்தை இன்று திண்ணையில் உட்கார்ந்து தோண்டுகிறீர்கள். உங்கள் வீட்டுப் பிள்ளையை மட்டும் சென்னைக்கு அனுப்பிவிட்டு எங்கள் பிள்ளையைத் திருப்பூருக்குப் போகச் சொல்வது என்ன நியாயம்?

பெண்பிள்ளை மெக்கானிக்கல் படிக்க ஆசைப்பட்டால் பெரிய மனிதரின் முகம் இன்னும் கோணுகிறது. கிண்டி இன்ஜினீயரிங் காலேஜில் 1940-ல் லலிதா என்ற இளம் விதவை, கைக்குழந்தையின் தாய், எலெக்ட்ரிகல் படிப்பில் சேர்ந்தார். இந்தியாவின் முதல் பெண் இன்ஜினீயர்களில் ஒருவராக வெளியே வந்தார். வெள்ளைக்காரன் காலத்திலேயே முடிந்தது இன்று ஏன் முடியாது? வெயிலில் நாள் முழுக்கக் குனிந்து களை எடுக்கிற கைக்கு லேத் மெஷின் பாரமாகிவிடுமா?

இனி ஏஜெண்டுக்கு வருவோம். மெக்கானிக்கல் செத்துவிட்டது என்கிறாரே, உண்மையா?

கண்ணைத் திறந்து நம் ஜில்லாவைப் பாருங்கள். அரியலூரைச் சுற்றி சிமெண்ட் ஆலைகள் நிற்கின்றன. சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 1,450 டிகிரி சூட்டில் சுட்டுக் கிளிங்கர் ஆக்குகிற சூளை, அதை மாவாக அரைக்கிற ராட்சச மில், கல்லைச் சுமக்கிற கன்வேயர் எல்லாமே மெக்கானிக்கல். பக்கத்து ஜில்லாவில் நெய்வேலி. பழுப்பு நிலக்கரியை எரித்து, தண்ணீரை ஆவியாக்கி, அந்த ஆவியால் டர்பைனைச் சுற்றி மின்சாரம் எடுக்கிறார்கள். வெப்பத்தை வேலையாக மாற்றுகிற அந்த வித்தைதான் இந்தப் படிப்பின் உயிர். நம் வயலில் அறுப்பு மெஷின் இறங்குகிறது, போர்வெல் மோட்டார் ஓடுகிறது. மெஷின் இருக்கிற வரைக்கும் மெஷினைப் படைக்கிற படிப்பு எப்படிச் சாகும்?

சாகவில்லை தோழர்களே! செத்துக்கொண்டிருப்பது நிரந்தர வேலை. அதைக் கொன்றவர்கள் பழியைப் படிப்பின் தலையில் போடுகிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். அப்ரண்டிஸ் சட்டம் 1961-ல் வந்தது. தொழில் கற்கிறவனுக்குப் பயிற்சி தருவது அதன் நோக்கம். 2019-ல் திருத்திய விதிப்படி, பட்டம் பெற்ற அப்ரண்டிசுக்கு மாதம் குறைந்தபட்ச உதவித்தொகை 9,000 ரூபாய் என்று வைத்தார்கள். 26 நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 346 ரூபாய். நூறு நாள் வேலைக்கு 2025-26-ல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த கூலி 336 ரூபாய். வித்தியாசம் பத்து ரூபாய்! நாலு வருஷம் படித்த இன்ஜினீயருக்கும் ஏரிக்கரையில் மண் வெட்டுகிற தாய்க்கும் நடுவில் சட்டம் வைத்த விலை பத்து ரூபாய். மண் வெட்டுகிற கூலி அதிகம் என்று நாம் சொல்லவில்லை. அதுவே போதாது. இன்ஜினீயரையும் அந்தப் போதாத கூலிக்கே இறக்கிவிட்டார்கள் என்கிறோம்.

பயிற்சி முடிந்தபின் வேலை உண்டா? ஒரு வருஷம் முடிந்ததும் “போய் வா” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளை எடுக்கிற ஆலைகள் எத்தனை என்று ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வேலை பார்த்துத் திரும்பிய நம் ஊர்ப் பிள்ளைகளைக் கேளுங்கள். நிரந்தரத் தொழிலாளியும் பத்திரமாக இல்லை. மறைமலைநகரில் ஃபோர்டு கம்பெனி 2021 செப்டம்பரில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. 2022-ல் ஆலை ஓட்டம் நின்றது. பிறகு திரும்பி வருவதாக அறிவிப்புகள் வந்தன. இடையில் நடுத்தெருவுக்கு வந்த குடும்பங்களுக்கு யார் பதில் சொன்னார்கள்?

சட்டசபைச் செயலகத்தில் 14 துப்புரவு வேலைகளுக்கு 2019-ல் மனு கேட்டார்கள். 4,600-க்கும் மேற்பட்ட மனுக்கள் குவிந்தன. மனுப் போட்டவர்களில் எம்.டெக்., பி.டெக். பட்டதாரிகள் இருந்தார்கள். துப்புரவு வேலை செய்கிறவர் நம் தோழர். அந்த வேலை இழிவானது என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் இன்ஜினீயரைப் படிக்கவைத்துவிட்டு விளக்குமாற்றுக்கு வரிசையில் நிற்கவைக்கிற பொருளாதாரம் இழிவானது என்று உரக்கச் சொல்வோம்.

கம்ப்யூட்டரில் சேர்ந்தால் கரையேறலாம் என்கிறார் ஏஜெண்டு. 2025 ஜூலையில் டி.சி.எஸ். கம்பெனி 12,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களைக் குறைப்பதாக அறிவித்ததே, அது எந்தப் படிப்பு? ஒரு பாடப்பிரிவில் இவ்வளவு இடம்தான் என்றிருந்த உச்சவரம்பை அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில் 2024-25 முதல் தளர்த்தியது. உடனே தனியார் காலேஜ்கள் மெக்கானிக்கல் இடங்களைக் குறைத்துக் கம்ப்யூட்டர் இடங்களைப் பெருக்கின. மெக்கானிக்கலுக்கு ஒர்க்ஷாப் வேண்டும், லேத் வேண்டும், பாய்லர் வேண்டும். கம்ப்யூட்டர் வகுப்புக்கு அவ்வளவு செலவில்லை. ஏஜெண்டின் பாட்டுக்கு மெட்டுப் போட்டவர் யார் என்று இப்போது தெரிகிறதல்லவா?

காலேஜ் வியாபாரம் 1984-ல் தொடங்கியது. அந்த ஆண்டில்தான் சுயநிதி இன்ஜினீயரிங் காலேஜ்களுக்குக் கதவு திறந்தது. எங்கும் காலேஜ் முளைத்தது, கட்டிடம் வந்தது, பஸ் வந்தது. ஆசிரியர் வந்தாரா? ஒரே ஆசிரியரைப் பல காலேஜ்களில் முழுநேர ஆசிரியராகக் கணக்குக் காட்டியிருக்கிறார்கள் என்பதை 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் அம்பலப்படுத்தியது. 200-க்கும் மேற்பட்ட காலேஜ்கள் அந்தப் பட்டியலில் இருந்தன. ரேஷன் கடையில் போலி கார்டு வைத்திருந்தால் ஏழையைப் பிடித்துக் கேஸ் போடுகிறார்கள். போலி வாத்தியார் வைத்துப் பட்டம் விற்றவர்களோ கல்வித் தந்தைகள்!

அப்படியானால் நம் வீட்டுப் பிள்ளை மெக்கானிக்கல் படிக்கலாமா, கூடாதா? மழுப்பாமல் சொல்கிறோம்: மெஷினில் ஆசையும் கணக்கில் பிடிப்பும் உள்ள பிள்ளை படிக்கலாம். மனையை விற்றுப் படிக்கக் கூடாது. மனையை விற்காமல் படிக்க வழி இருக்கிறது. அந்த வழி சர்க்கார் கலந்தாய்வு. அதை மறைப்பதே ஏஜெண்டின் தொழில்.

2006-ல் சட்டசபை நிறைவேற்றிய சட்டத்தால் தமிழ்நாட்டில் இன்ஜினீயரிங் நுழைவுத் தேர்வு ஒழிந்தது. ப்ளஸ் டூ மார்க்கே போதும். சர்க்கார் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவருக்கு 2021 சட்டப்படி 7.5 சதவீத இடம் உண்டு. அந்த இடத்தில் சேர்ந்தால் படிப்புக் கட்டணத்தையும் ஹாஸ்டல் செலவையும் சர்க்கார் ஏற்கிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரிக்கு 2010 முதல் கட்டணச் சலுகை உண்டு. வருமானம் குறைந்த ஆதிதிராவிடர், பழங்குடிப் பிள்ளைகளுக்கு போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. இவை கலந்தாய்வில் சேருகிற பிள்ளைக்குத்தான். ஏஜெண்டு கையில் முன்பணம் கொடுத்து மேனேஜ்மெண்ட் சீட்டில் சேர்ந்தால் இவையெல்லாம் கைநழுவிப் போகும். 2017-ல் கட்டணக் கமிட்டி வைத்த கணக்கிலேயே கலந்தாய்வு சீட்டுக்கு வருஷம் 50,000, மேனேஜ்மெண்ட் சீட்டுக்கு 85,000. நாலு வருஷத்தில் வித்தியாசம் 1,40,000 ரூபாய். நாற்று நட்டு அதை அடைக்க எத்தனை நடவு நட வேண்டும் என்று அம்மாவைக் கேளுங்கள்!

ஆகவே முதலில் சர்க்கார் காலேஜ், பல்கலைக்கழகத்தின் சொந்தக் காலேஜ். நமக்கு அருகே சிதம்பரத்தில் 1929-ல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 2013-ல் சர்க்கார் நிர்வாகத்துக்கு வந்துவிட்டது. தனியார் காலேஜ் என்றால் பரீட்சையில் எத்தனை சதவீதம் தேறுகிறார்கள் என்று பல்கலைக்கழகம் வெளியிடும் கணக்கைப் பாருங்கள். கடன் தேவையென்றால் கந்துவட்டிக்காரனிடம் போகாமல் பாங்கிக்குப் போங்கள். நாலு லட்சம் வரை கல்விக்கடனுக்குச் சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது. மானேஜர் விரட்டினால் சங்கத்தோடு திரும்பிப் போங்கள்.

நாலு வருஷம் காத்திருக்க வசதியில்லாத வீட்டுக்கு இன்னொரு ஏணி உண்டு. பத்தாவது முடித்தவர் சர்க்கார் பாலிடெக்னிக்கில் மூன்று வருஷ டிப்ளமா படிக்கலாம்; பிறகு நேராக பி.இ. இரண்டாம் வருஷத்தில் சேரலாம். ஐ.டி.ஐ. முடித்தவர் டிப்ளமா இரண்டாம் வருஷத்தில் சேரலாம். கீழ்ப்படியில் கால் வைத்தவர் மேல்படிக்குப் போகக் கூடாது என்று சட்டம் இல்லை. நடுவில் கையில் ஒரு தொழிலும் இருக்கும், கூலியும் வரும்.

பாஷையைக் காட்டியும் பயமுறுத்துகிறார்கள். அண்ணா பல்கலைக்கழகம் 2010-ல் மெக்கானிக்கலையும் சிவிலையும் தமிழில் சொல்லித்தரத் தொடங்கியது. 2023-ல் உறுப்புக் காலேஜ்கள் சிலவற்றில் அதை நிறுத்தப் பார்த்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் பின்வாங்கினார்கள். எதிர்த்தால் பின்வாங்குவார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

படிக்கப் போகிற பிள்ளைக்கும் ஒரு வார்த்தை. மீன்சுருட்டியிலிருந்து கும்பகோணம் போகிற ரோட்டில் அணைக்கரை வருகிறது. கொள்ளிடத்தின் குறுக்கே 1836-ல் கட்டிய கீழணை அது. கட்டிய இன்ஜினீயர் ஆர்தர் காட்டன் என்று புத்தகம் சொல்கிறது. அந்த அணைக்காகப் பக்கத்துக் கங்கைகொண்ட சோழபுரம் கோயிலின் மதில் கல்லைப் பெயர்த்துக் கொண்டுபோனார்கள். கோயில் கட்டியபோது அந்தக் கல்லைச் சுமந்த கூலியின் பெயர் எங்கும் இல்லை. அணைக்காக இரண்டாம் முறை சுமந்த கூலியின் பெயரும் இல்லை. அணையால் பயிர் விளைந்தது உண்மை. விளைந்த பயிரின் மீது கம்பெனி வரி வசூலித்ததும் உண்மை. இன்ஜினீயரின் கணக்கு ஒன்றே. அது யாருக்கு லாபம் என்பதைக் கூலி கொடுக்கிறவன் தீர்மானித்தான்.

நாளை நீ சூப்பர்வைசர் சட்டை போட்டு நிற்பாய். “ஓட்டத்தைக் கூட்டு, ஆளைக் குறை” என்று மேலே இருந்து உத்தரவு வரும். அப்போது உன் அப்பன் கை நினைவுக்கு வர வேண்டும். 2024 செப்டம்பரில் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் சங்கம் வைக்கும் உரிமைக்காக 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களில் டிப்ளமா படித்தவன், ஐ.டி.ஐ. படித்தவன் என்று பிரித்துப் பார்த்திருந்தால் ஒரு நாள் கூட நின்றிருக்க முடியாது. பட்டம் உனக்கு அறிவு தரும். பாதுகாப்பு சங்கம்தான் தரும்.

ஜெயங்கொண்டத்தில் நிலக்கரி வரும், வேலை வரும் என்று 1990-களில் நிலம் எடுத்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது. ஒரு தலைமுறை காத்திருந்து கிழடானது. 2024 நவம்பரில் அதே ஜெயங்கொண்டத்தில் 1,000 கோடி ரூபாய் செருப்பு ஆலைக்கு அடிக்கல் நாட்டி, 15,000 பேருக்கு வேலை என்றார்கள். வரட்டும், வரவேற்கிறோம். ஆனால் எத்தனை பேர் நிரந்தரம், எத்தனை பேர் காண்ட்ராக்ட் என்பதை ஆலை எழும்பும் முன்பே கேட்பது நம் உரிமை.

நாம் கேட்பது இவை: நிரந்தர வேலைக்கு நிரந்தர ஆள் வேண்டும், அப்ரண்டிஸ் என்ற பெயரில் உற்பத்தி வேலை வாங்கக் கூடாது. சர்க்கார் காலேஜ், பாலிடெக்னிக், ஐ.டி.ஐ.களில் காலியாக உள்ள ஆசிரியர் இடங்களை நிரப்ப வேண்டும். கமிஷன் ஏஜெண்டுகளைத் தடைசெய்ய வேண்டும். போலி ஆசிரியர் கணக்குக் காட்டிய காலேஜ்களைத் தண்டிக்க வேண்டும். ஜில்லாவின் ஆலைகளில் ஜில்லாவின் பிள்ளைகளுக்கு, முதலில் நிலம் இழந்தவர்களின் பிள்ளைகளுக்கு, வேலை வேண்டும்.

விவசாயத் தொழிலாளித் தோழர்களே, ஆலைத் தொழிலாளித் தோழர்களே! ஏஜெண்டு வாசலில் வந்து நின்றால் முன்பணம் கொடுக்காதீர்கள். மார்க் ஷீட்டை எடுத்துக்கொண்டு சங்க ஆபீசுக்கு வாருங்கள். கலந்தாய்வு மனுவை உட்கார்ந்து எழுதித் தருகிறோம். பிள்ளையைப் படிக்க வைப்போம். படித்த பிள்ளைக்கு வேலை கேட்டு அவனோடு சேர்ந்தே போராடுவோம்!