கடல் கொண்டுபோகும் காப்பரண்கள்



கிளந்தான் மாநிலத்தில், கோத்தா பாருவுக்கு அருகே, பந்தாய் சபாக் என்னும் கடற்கரை உண்டு. 1941ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள், நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில் ஜப்பானியப் படை அங்கே கரையிறங்கியது. பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் முந்திய நிகழ்ச்சி அது. பசிபிக் போர் நம் நாட்டு மணலில் தொடங்கியது என்பதை நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவர்?

அக்கரையைக் காத்து நின்றோர் இந்திய இராணுவத்தின் டோக்ரா படையினர். இமயமலை அடிவாரத்துக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். முள்வேலிக்கும் கண்ணிவெடிகளுக்கும் பின்னே, கான்கிரீட் காப்பரண்களுக்குள் அமர்ந்து, குறுகிய துளை வழியே இயந்திரத் துப்பாக்கியால் சுட்டனர். கப்பல் ஒன்று விமானத் தாக்குதலில் தீப்பற்றியது. ஆயினும் எதிரி முதலில் மோதிய இரண்டு அரண்களில் இருந்தோர் ஏறத்தாழ அனைவரும் அங்கேயே மடிந்தனர். மறுநாள் கோத்தா பாரு வீழ்ந்தது. பத்தே வாரங்களில் சிங்கப்பூரும் வீழ்ந்தது.

அதன்பின் நம் தோட்டங்களில் நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. சயாம் இரயில் பாதைக்கு இட்டுச் செல்லப்பட்டுத் திரும்பாத பாட்டனார் நம்முள் பலர் குடும்பத்தில் உண்டு.

சபாக்கின் அன்றைய கரை இன்று இல்லை. ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழையில் கடல் நிலத்தை அரித்துக்கொண்டே வருகிறது. அரண்களையும் அது விட்டுவைக்கவில்லை.

வெள்ளைக்காரன் கட்டிய சுவரை நாம் ஏன் காக்க வேண்டும் என்பாரும் உளர். உள்ளே இருந்து மாண்டவர் வெள்ளைக்காரர் அல்லரே! அரண் விழுந்ததற்கு விலை கொடுத்தவர்களும் நம்மவரே. சிங்கப்பூரில் சிலோசோ கோட்டை அருங்காட்சியகமாக விளங்குகிறது. லாப்ரடார் பூங்காவில் பீரங்கி மேடைகளைப் பிள்ளைகள் சுற்றிப் பார்க்கின்றனர். இங்கும் எஞ்சிய ஒவ்வோர் அரணையும் அளந்து, படமெடுத்து, அங்கு மடிந்தவர் யார் என்று தமிழிலும் எழுதிய பலகை ஒன்றை நடுதல் வேண்டும். கடலைத் தடுக்கப் பெரும்பணம் தேவை, பலகைக்குத் தேவையில்லை.

விடுமுறைக்குக் கிழக்குக் கரை செல்லும் பெற்றோர் அங்கு எஞ்சிய அரணைக் கண்டால், நாளைக் குறித்து ஒரு படம் எடுத்து நம் பள்ளிக்குத் தருக. அடுத்த மழைக்குப் பின் அதே இடத்தில் இன்னொரு படம் எடுத்தால், கடல் எத்தனை அடி உள்ளே வந்திருக்கிறது என்று மாணவர்களே கணக்கிட்டுவிடுவார்கள்.