பொறுமையின் சிகரங்கள்

நம் ஊர்ச் சுவர்களில் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளைக் கொஞ்சம் நின்று படியுங்கள். இறந்த ஆணுக்குத் தொழில் இருக்கும், படிப்பு இருக்கும், கட்சிப் பொறுப்பு இருக்கும். இறந்த பெண்ணுக்குக் குணம் மட்டும்தான் இருக்கும். அன்பின் உருவம், பொறுமையின் சிகரம், தியாகச் சுடர். புருஷன் உயிரோடு இருந்துவிட்டால், பூவோடும் பொட்டோடும் போய்ச் சேர்ந்த புண்ணியவதி என்று துக்கம் கேட்க வந்தவர்கள் கூடுதலாக ஒரு பட்டம் கொடுத்துவிட்டுப் போவார்கள். நாற்பது வருடம் பீடி சுற்றியவளும், மூன்று ஆட்களை வைத்து இட்லிக் கடை நடத்தியவளும், ஊராட்சி வார்டு உறுப்பினராக இருந்து தண்ணீர்க் குழாய்க்குச் சண்டை போட்டவளும் செத்த மறுநாள் ஒரே ஆளாகிவிடுகிறார்கள்.

துக்கம் நினைவை மாற்றும் என்பதை நான் மறுக்கவில்லை. என் அம்மா இறந்த முதல் மாதம் முழுக்க ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த அம்மாதான் கண்ணில் நின்றாள். மூக்கில் குழாய், வறண்ட உதடு. வேறு எந்த அம்மாவையும் வரவழைக்க முடியவில்லை. ஆறாம் மாதம் வாக்கில் அவள் விலகி, நடமாடுகிற அம்மா திரும்பி வந்தாள். ஆனால் திரும்பி வந்தவளுக்குக் கோபமே இல்லை. மீன் குழம்பில் நடுத்துண்டை எனக்கு எடுத்து வைக்கிறாள், காய்ச்சலுக்கு நெற்றியில் கை வைக்கிறாள். கரண்டி பறந்த நாட்கள் எங்கே போயின?

2000ஆம் ஆண்டில் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் காரிம் நாடர், கிளென் ஷாஃபே, ஜோசப் லெடூ மூவரும் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஏற்கெனவே நன்றாகப் பதிந்துவிட்ட பயம்கூட, அதை மறுபடி நினைவூட்டும்போது இளகிவிடுகிறது. திரும்ப உறைவதற்கு மூளை புதிதாகப் புரதம் உண்டாக்க வேண்டியிருக்கிறது என்று அது காட்டியது. எலியின் பயத்துக்கும் மகளின் துக்கத்துக்கும் தூரம் அதிகம்தான். ஆனாலும் எனக்கு அதிலிருந்து ஒரு கேள்வி கிடைத்தது. நினைவு இளகிக் கிடக்கிற அந்த நேரத்தில் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? யார் பேசுகிறார்கள்?

எங்கள் வீட்டில் தாய்மாமா உட்கார்ந்திருந்தார். பதினாறாம் நாள் விசேஷத்தில் பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த கூட்டத்தில் சொன்னார்: "எங்க அக்கா மாதிரி வருமா? எங்கய்யா நிலத்துல ஒரு குழி கேக்கலையே. சிரிச்ச மொகமா வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போனா." எல்லோரும் தலையாட்டினார்கள். சிலர் கண்ணைத் துடைத்தார்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். தாத்தா இறந்தது 1997இல். உயில் எதுவும் எழுதவில்லை. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே அவருடைய பங்கில் மகளுக்கும் உரிமை உண்டு. 1989இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த திருத்தம், கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலப் பிறப்பிலேயே உரிமை தந்தது; ஆனால் அதற்கு முன்பே கல்யாணமானவர்களை வெளியே நிறுத்திவிட்டது. அம்மாவுக்கு 1981லேயே கல்யாணம். (நாடு முழுவதற்குமான திருத்தம் வர 2005 ஆனது. அதில் அந்த விலக்கு இல்லை.) ஆனாலும் தாத்தாவின் சொந்தப் பங்கில் அவளுக்கு இருந்ததை யாரும் எடுத்துவிடவில்லை. எடுப்பதற்கு ஒரு வழிதான் இருந்தது: அவளாகவே எழுதிக் கொடுக்க வேண்டும். 1998இல் நான் பெரியவளானேன். சடங்குக்கு மாமன் சீர் வர வேண்டும். விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து விழுந்த பிறகுதான் சீர் வரும் என்று சொல்லி அனுப்பினார்கள். அம்மா சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனாள், போட்டாள், வந்தாள். அன்று இரவு அவள் தன் தம்பியை ஏசிய ஏச்சை இங்கே எழுத முடியாது. சீரோடு வந்த பட்டுச்சேலையை அவள் ஒருநாளும் உடுத்தவில்லை. கிழித்து அடுப்பங்கரையில் சட்டி இறக்கும் துணியாக்கினாள். ஜரிகைக் கரையோடு ஒரு கரித்துணியை வேறு எந்த வீட்டிலும் நான் பார்த்ததில்லை.

இந்தப் பெண்தான் சிரித்த முகமாகக் கையெழுத்துப் போட்டவள் ஆகிவிட்டாள்.

மாமா பொய் சொன்னார் என்றுகூட நான் சொல்லமாட்டேன். அவர் அழுதார், நிஜமாகவே அழுதார். அக்காவை இழந்த துக்கத்தில் அவருக்கு அப்படித்தான் நினைவு வந்திருக்கலாம். ஆனால் அவருடைய துக்கம் எதை மறந்தது என்று பாருங்கள். அவருக்குச் செலவு வைக்கிற எதையும் அது மிச்சம் வைக்கவில்லை.

நல்லதங்காளை நினைத்துக்கொள்கிறேன். பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு பிறந்த வீட்டுக்கு வந்தாள், அண்ணன் ஊரில் இல்லாத நேரம் அண்ணி மூளி அலங்காரி விரட்டினாள், பிள்ளைகளைக் கிணற்றில் போட்டுத் தானும் குதித்தாள். விருதுநகர் மாவட்டம் அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயில் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் அழுது கேட்ட கதை. அந்த அழுகை முழுவதும் அண்ணியின் கொடுமையைச் சுற்றியே வருகிறது. அண்ணன் பாசக்காரனாகவே நிற்கிறான். பிறந்த வீட்டில் ஒரு மகள் ஏன் படியரிசிக்குக் கையேந்தி நிற்க வேண்டியிருந்தது, அந்தக் களஞ்சியத்தில் அவளுக்குப் பங்கு ஏன் இல்லை என்று கதையில் யாரும் கேட்பதில்லை. செத்தவளுக்குக் கோயில் கட்டுவது செலவு குறைந்த காரியம்.

ஒப்பாரியில் இதற்கு ஒரு மாற்று இருந்தது. எங்கள் பக்கத்துக் கிழவிகள் பிணத்தைக் கட்டிக்கொண்டு அழும்போது, செத்தவரைப் பாடுகிற சாக்கில் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுவிடுவார்கள். எட்டிப் பார்க்காத அண்ணன், கொடுக்காத சீர், குடித்த புருஷன், எல்லாம் ராகத்தோடு வரும். துக்கவீட்டில் அழுகிறவளை யாரும் அடக்க முடியாது. இசபெல் கிளார்க்-டெசே என்ற மானிடவியலாளர் தமிழ்நாட்டு ஒப்பாரிகளை ஆராய்ந்து 2005இல் வெளியிட்ட ஆங்கில நூலின் தலைப்பே, செத்தவருக்காக யாரும் அழுவதில்லை என்பதுதான். இப்போது பல ஊர்களில் மைக்கோடு ஆள் வைத்துப் பாடச் சொல்கிறார்கள். பேர் மட்டும் மாறும், பாட்டு அதேதான். காசு கொடுக்கிறவரை எதிர்த்து அந்த மைக்கில் யார் கேட்கப் போகிறார்கள்?

செத்தவர்களைப் பற்றித் தப்பாகப் பேசக் கூடாது என்பார்கள். ஆண் செத்தால் அந்த விதி அவன் அடித்ததை மறைக்கிறது. பெண் செத்தால் அவள் அடிபட்டதையும் திருப்பிக் கேட்டதையும் மறைக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே ஆளுக்குத்தான் லாபம்.

என் பெரியம்மா இருக்கிறாள். பெரியப்பா அவளை அடிக்காத நாள் குறைவு. இடது கை இன்றைக்கும் முழுதாக நீளாது. அவர் போய் ஒரு வருடம் கழித்து, "ஒங்க பெரியப்பா இருந்திருந்தா இந்நேரம் மொதல் ஆளா வந்து நின்னுருப்பாக" என்கிறாள். அவளிடம் போய் அந்தக் கையை நீட்டிக் காட்டச் சொல்ல எனக்கு மனசு வராது. முப்பது வருடம் கூட வாழ்ந்தவனை வெறும் அடியாக மட்டும் நினைத்துக்கொண்டு மிச்சக் காலத்தைத் தள்ள அவளால் முடியாமல் இருக்கலாம். அந்த நினைவு அவள் சம்பாத்தியம், எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். ஆனால் அவர் மகன் தன் பெண்டாட்டியிடம், "எங்கம்மா எவ்வளவு பொறுத்துப் போனாங்க, அப்பா மேல ஒரு குறை சொன்னாங்களா?" என்று கேட்கிறானே, அங்கே நான் வாயைத் திறப்பேன். திறந்திருக்கிறேன்.

ஏனென்றால் எனக்கும் அதே பாட்டைத்தான் பாடினார்கள். அம்மா தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கியும் சீட்டுப் போட்டும் 2003இல் மூன்று சென்ட் இடம் வாங்கி, தன் பெயரிலேயே பதிந்து, இரண்டு அறை எழுப்பினாள். அவள் உயில் எழுதவில்லை. அப்பா முன்னாலேயே போய்விட்டார். சட்டப்படி அண்ணனுக்குப் பாதி, எனக்குப் பாதி. வருடம் திரும்புவதற்குள் அண்ணன் பத்திரத்தோடு வந்தான். மதினி காப்பி போட்டுக் கொடுத்தாள். "அம்மா மாதிரிதானே பாப்பா நீயும். அம்மா மாமாகிட்ட ஏதாவது கேட்டுச்சா?" என்றான். அண்ணன் கெட்டவன் இல்லை. கடன் இருக்கிறது, இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். கடனைச் சொல்லிக் கேட்டிருந்தால் அது ஒரு பேச்சு. கணக்கு உட்கார்ந்து பார்த்திருக்கலாம். அவன் அம்மாவைச் சொல்லிக் கேட்டான். அதுவும், இல்லாத ஓர் அம்மாவை.

"அம்மா கேட்டுச்சுண்ணே. கரித்துணி ஞாபகம் இல்லையா?" என்றேன். அவனுக்கு ஞாபகம் இருந்தது. முகத்தில் தெரிந்தது. செத்துப் போனவளை ஏன் இழுக்கிறாய் என்று மதினிதான் சொன்னாள். அவளுக்கும் பிறந்த வீட்டில் கையெழுத்துப் போட்ட கதை ஒன்று உண்டு. அதை ஒருநாள் அவளே சொல்வாள் என்று காத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு ஒரு நோட்டு வாங்கினேன். அம்மாவின் சண்டைகளை ஒவ்வொன்றாக எழுதுகிறேன்: ரேஷன் கடையில் எடை குறைத்தவரோடு, குச்சிக் கணக்கில் ஏமாற்றிய கணக்கப்பிள்ளையோடு, என்னைப் பத்தாவதோடு நிறுத்தச் சொன்ன அப்பாவோடு, என்னோடு. என்னோடு போட்டவைதான் அதிகம், அதில் பாதி அநியாயமானவை. எழுத எழுத அவள் குரல் திரும்ப வருகிறது, அந்தக் கரகரப்போடு. இதுவரை நாற்பத்தி மூன்று சண்டைகள் ஆகியிருக்கின்றன. வாரிசுச் சான்றிதழில் என் பெயரும் இருக்கிறது. பத்திரம் அண்ணன் வீட்டு பீரோவில் கையெழுத்தில்லாமல் கிடக்கிறது.